92 தான் 99-ல பாதி: கேம்ல லெவல் ஏத்தறதுக்கும் ஒரு பட்ஜெட்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாடுறவங்க அடிக்கடி சொல்ற ஒரு வரி இருக்கு: 92 தான் 99-ல பாதி. முதல் தடவை கேட்டா ஜோக் மாதிரி இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தா உண்மைன்னு தெரியும். இந்த கேம்ல ஒரு ஸ்கில் 99-வது லெவலைத் தொட 1,30,34,431 எக்ஸ்பி வேணும். 92-வது லெவலுக்கு 65,17,253. கிட்டத்தட்ட சரிபாதி. "இன்னும் ஏழே லெவல்தான்"னு சந்தோஷமா சொல்ற ஆளு, உண்மையில பாதி வழியிலதான் நிக்கறாரு.

கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருக்கற ஜாகெக்ஸ் கம்பெனியோட ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் இது. 2007 ஆகஸ்ட் மாசத்து ரூன்ஸ்கேப் பிரதியை எடுத்து 2013 பிப்ரவரில தனி கேமா விட்டாங்க. மரம் வெட்டறது, மீன் பிடிக்கறது, சண்டை, மந்திரம்னு இருபதுக்கும் மேல ஸ்கில். ஒவ்வொண்ணும் 1-ல ஆரம்பிச்சு 99 வரைக்கும் போகும். சந்தா கட்டினா முழு உலகமும் திறக்கும், இல்லேன்னா ஒரு பகுதி மட்டும். ஒவ்வொரு அடிக்கும், வெட்டின ஒவ்வொரு மரத்துக்கும் எக்ஸ்பி சேரும்.

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசற இடத்துல இது எதுக்குன்னு கேப்பீங்க. வேலைக்குப் போறவங்க வாரத்துக்கு 10 மணி நேரம் விளையாடறாங்கன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 520 மணி நேரம். சம்பளத்துல 520 ரூபா காணாமப் போனா ஸ்டேட்மென்ட் எடுத்துத் தேடுற நாம, இந்த 520 மணி நேரத்துக்கு எந்த ஸ்டேட்மென்ட்டும் எடுக்கறதில்ல. விளையாடாதீங்கன்னு சொல்ல நான் வரல. விளையாடுற நேரத்துக்கு என்ன கிடைக்குதுன்னு பாக்கலாம், அவ்வளவுதான்.

காம்பவுண்டிங், ஆனா எதிர்ப்பக்கம்

78-வது லெவலுக்கு மொத்த எக்ஸ்பி 16,29,200. 85-க்கு 32,58,594. 92-க்கு 65,17,253. 99-க்கு 1,30,34,431. ஏழு லெவலுக்கு ஒரு தடவை இரட்டிப்பு. நம்ம சேனல் பாக்கறவங்களுக்கு உடனே 72 விதி ஞாபகம் வரும். 72-ஐ ஏழால வகுத்தா 10-க்குக் கொஞ்சம் மேல. அதாவது லெவலுக்கு லெவல் சுமார் 10.4% விலைவாசி ஏறுது. மியூச்சுவல் ஃபண்டுல இந்த வேகம் நமக்காக வேலை செய்யும், இங்க நமக்கு எதிரா வேலை செய்யுது.

இன்னொரு கணக்கு பாருங்க. 98-லேருந்து 99-க்குப் போற அந்த ஒரே ஒரு லெவலுக்கு 12,28,825 எக்ஸ்பி வேணும். ஒண்ணாவது லெவல்லேருந்து 75 வரைக்கும் ஏற மொத்தமே 12,10,421-தான். கடைசிப் படி ஒண்ணோட விலைல, வேற ஒரு ஸ்கில்ல 74 படி ஏறிடலாம்.

மணிக்கு 60,000 எக்ஸ்பி கிடைக்குதுன்னு வச்சுக்கிட்டா ஒரு 99-க்கு 217 மணி நேரம். வாரத்துக்கு 10 மணி நேரம்னா 22 வாரம். வருஷத்துக்கு ரெண்டு 99 வந்தாலே பெரிய விஷயம். "எல்லா ஸ்கில்லும் 99"ங்கற கனவை இதே வேகத்துல பெருக்கிப் பாருங்க, பத்து வருஷத்துப் பக்கம் வந்து நிக்கும். அது வேண்டாம்னு சொல்லல. ஆனா பத்து வருஷத்து இலக்குன்னு தெரிஞ்சு ஆரம்பிங்க.

99-ஐ இலக்கா வைக்காதீங்க, கதவை இலக்கா வைங்க

கிளையன்ட் ஒருத்தர் வந்து "நிறைய பணம் சேக்கணும்"னு சொன்னா நான் பேனாவையே எடுக்க மாட்டேன். எதுக்கு, எப்போன்னு தெரியாம கணக்கு போட முடியாது. கேம்லயும் அப்படித்தான். லெவல்ங்கறது ஒரு சாவி. அது எந்தக் கதவைத் திறக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்.

ஒரு நல்ல கதவு, டிராகன் ஸ்லேயர் 2 குவெஸ்ட். பெயரைக் கேட்டாலே புதுசா வர்றவங்க ஒதுங்கிப் போவாங்க. அது கேக்கறது: மேஜிக் 75, ஸ்மிதிங் 70, மைனிங் 68, கிராஃப்டிங் 62, அஜிலிட்டி, தீவிங் ரெண்டும் தலா 60, கன்ஸ்ட்ரக்ஷன் 50, ஹிட்பாயின்ட்ஸ் 50. கூடவே 200 குவெஸ்ட் பாயின்ட். எட்டு ஸ்கில் வரிசையா நிக்கறதைப் பார்த்தா மலைப்பா இருக்கும்.

எக்ஸ்பில மாத்திக் கூட்டலாம். 75-க்கு 12,10,421. 70-க்கு 7,37,627. 68-க்கு 6,05,032. 62-க்கு 3,33,804. ரெண்டு 60-க்கும் சேத்து 5,47,484. ரெண்டு 50-க்கு 2,02,666. மொத்தம் 36,37,034.

அது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஸ்கில்ல 86-வது லெவலுக்கு வேண்டியதே 35,97,792. எட்டு ஸ்கில்லயும் வாசலுக்கு வந்து நிக்கறதுக்கான செலவு, ஒரே ஸ்கில்லை 86-க்குத் தள்ளுறதை விடக் கொஞ்சமே கூட. ஒரு 99-ஓட செலவுல கால் பங்குக்குச் சற்று மேல. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் வோர்காத் நிக்குது. திரும்பத் திரும்ப அடிச்சு ஜிபி, அதாவது கேம்ல இருக்கற கோல்டு, சம்பாதிக்கறதுக்குப் பேர்போன டிராகன் அது. வருமானம் கூடற கதவு முன்னாடி, அலங்காரக் கதவு பின்னாடி. என் வரிசை எப்பவும் இதுதான்.

இதோட முன்தேவை குவெஸ்ட்களும் தனியா கேக்கும். உதாரணமா லெஜண்ட்ஸ் குவெஸ்ட்டுக்கு ஹெர்ப்லோர் 45-ம் பிரேயர் 42-ம் வேணும். அதையும் ஷீட்ல சேத்துக்கோங்க. ஆனாலும் பெரும்பாலும் 60-ஐ ஒட்டியோ அதுக்குக் கீழயோ சுத்துற எண்கள். வளைவு இன்னும் செங்குத்தாகாத பகுதி. 60-வது லெவலுக்கு மொத்தமே 2,73,742 எக்ஸ்பி. அதனால ஒரு ஸ்கில்லை ஆழமா தோண்டறதை விட, பல ஸ்கில்லை அகலமா 60, 70 வரைக்கும் கொண்டு வர்றதுதான் மணி நேரத்துக்கு அதிகக் கதவு திறக்கும்.

அதே பரிசு, எப்போ வாங்கறீங்க?

இங்கதான் பிளானிங் நிஜமாவே வேலை செய்யுது. சில குவெஸ்ட்கள் முடிச்சா நிலையான எக்ஸ்பி குடுக்கும். வாட்டர்ஃபால் குவெஸ்ட் பிரபலமான உதாரணம். அட்டாக்ல 13,750, ஸ்ட்ரெங்த்ல 13,750. ஸ்கில் தேவை எதுவும் கிடையாது. எந்த அரக்கனையும் கொன்னே ஆகணும்னும் இல்ல, உயிர் பிழைச்சு ஓடத் தெரிஞ்சா போதும். புதுக் கேரக்டர், அட்டாக் 1, ஸ்ட்ரெங்த் 1. குவெஸ்ட் முடிச்ச கையோட ரெண்டும் 30.

இதையே மாடு, காப்ளின் எல்லாம் அடிச்சு 30 வரைக்கும் ஏறிட்டு அப்புறமா போய் முடிச்சா? அதே 13,750 உங்களை 36-க்குத்தான் கொண்டு போகும். பலபேர் இதைப் பார்த்து "29 லெவல் போச்சு, ஆறுதான் கிடைச்சுது"ன்னு சொல்வாங்க. அது தப்பான கணக்கு. எக்ஸ்பி எப்ப வாங்கினாலும் எக்ஸ்பிதான், ஒரு பைசா கூடாது, குறையாது. உண்மையான மிச்சம் நேரத்துல இருக்கு. ஒண்ணாவது லெவல்ல கத்தி வீசினா பாதி அடி காத்துல போகும். மணிக்குக் கிடைக்கற எக்ஸ்பி ரொம்ப ரொம்பக் கம்மி. அந்த மெதுவான மணி நேரங்களை குவெஸ்ட் அப்படியே தூக்கிட்டுப் போயிடுது. 70-வது லெவல்ல 13,750-ங்கறது கொஞ்ச நிமிஷ வேலை. 1-வது லெவல்ல அது ஒரு சாயங்காலம்.

இதே மாதிரி தி நைட்ஸ் ஸ்வோர்ட். மைனிங் 10 இருந்தா போதும், ஸ்மிதிங்ல 12,725 எக்ஸ்பி. ஒண்ணுலேருந்து நேரா 29. சந்தா கட்டாதவங்களும் செய்யலாம். ஸ்மிதிங்ல ஆரம்ப லெவல்கள் எவ்வளவு போர்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். இதை விட்டுட்டு வெண்கலக் கத்தியா அடிச்சுத் தள்ளுறவங்களைப் பார்த்தா, கம்பெனி குடுக்கற பிஎஃப் பங்கை வேண்டாம்னு எழுதிக் குடுக்கறவங்க மாதிரிதான் எனக்குத் தோணும்.

இதோட இன்னொரு வகை, பின்னாடி வர்ற எல்லா மணி நேரத்தையும் வேகமாக்கற சொத்து. கிரேஸ்ஃபுல் உடுப்பு அப்படி ஒண்ணு. அஜிலிட்டி கூரைகள்ல ஓடிச் சேக்கற மார்க் ஆஃப் கிரேஸ் 260 வேணும் முழு செட்டுக்கு. போட்டுக்கிட்டா ஓட்டச் சக்தி 30% வேகமா திரும்பும். கேரக்டர் நடக்காம ஓடும்போது ஒவ்வொரு குவெஸ்ட்டும் கொஞ்சம் சுருங்குது. 500 மணி நேரம் பாக்கி இருக்கும்போது வாங்கினா 500 மணி நேரத்துக்கும் பலன், 50 மணி நேரம் பாக்கி இருக்கும்போது வாங்கினா அம்பதுக்குத்தான். அதனால இதை ஆரம்பத்துலயே முடிச்சிடுங்க.

உங்க ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி?

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் எடுத்துட்டுப் போகணும்னா இதை எடுத்துட்டுப் போங்க. பிரேயர், கன்ஸ்ட்ரக்ஷன், ஹெர்ப்லோர் மாதிரி ஸ்கில்களை காசு குடுத்து வேகமா ஏத்தலாம். கேள்வி: காசு குடுக்கறதா, நேரம் குடுக்கறதா?

ஒரு கற்பனைக் கணக்கு. 12 லட்சம் எக்ஸ்பி வேணும். முதல் வழி இலவசம், மணிக்கு 60,000. ரெண்டாவது வழி மணிக்கு 1,50,000, ஆனா ஒரு எக்ஸ்பிக்கு 10 ஜிபி செலவு. முதல் வழி 20 மணி நேரம். ரெண்டாவது 8 மணி நேரம், கூட 1.2 கோடி ஜிபி.

எட்டு தானே சின்னதுன்னு தோணும். ஆனா அந்த 1.2 கோடி எங்கேருந்து வந்துது? அதையும் நீங்கதான் விளையாடிச் சம்பாதிச்சீங்க. மணிக்கு 10 லட்சம் ஜிபி சம்பாதிக்கறவருக்கு அது 12 மணி நேரம். எட்டும் பன்னெண்டும் இருபது. ரெண்டு வழியும் ஒண்ணுதான். மணிக்கு 20 லட்சம் சம்பாதிக்கறவருக்கு எட்டும் ஆறும் பதினாலு, அவர் காசு குடுக்கலாம். மணிக்கு 5 லட்சம்தான் வருதுன்னா எட்டும் இருபத்தி நாலும் முப்பத்தி ரெண்டு. யூடியூப்ல பெரிய பிளேயர் ஒருத்தர் செய்யறாருன்னு அதே வழியை இவர் எடுத்தா 12 மணி நேரம் நஷ்டம். வழி ஒண்ணுதான், பர்ஸுதான் வேற.

சுருக்கு வழி இது: கூடுதல் செலவை மிச்சமாகுற மணி நேரத்தால வகுங்க. 1.2 கோடியை 12-ஆல வகுத்தா 10 லட்சம். உங்க வருமானம் அதுக்கு மேலன்னா வாங்குங்க, கீழன்னா வாங்காதீங்க. "மணிக்கு இவ்வளவு எக்ஸ்பி"ன்னு மட்டும் சொல்ற கைடு எதையும் இந்த வகுத்தல் போடாம நம்பாதீங்க. தீவிரமா விளையாடுறவங்க இதுக்குன்னே ஈஹெச்பின்னு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க. திறமையா விளையாடின மணி நேரம்னு அர்த்தம். அது உச்ச வேகத்துல ஆடுறவங்களுக்கான அளவு. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து ஆடுறவங்க வேகம் அது இல்ல, உங்க வேகத்தை நீங்களே ஒரு மணி நேரம் அளந்து பாருங்க.

வருமானத்தை அளக்கும்போது வரியைக் கழிச்சிடுங்க. ஆமா, அங்கேயும் வரி இருக்கு! கேமோட சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சுல பொருளை விக்கறப்போ பிடிப்பாங்க. 2021 டிசம்பர்ல 1% ஆரம்பிச்சு, 2025-ல 2% ஆக்கிட்டாங்க. கவனிக்க வேண்டியது, இது லாபத்து மேல இல்ல, வித்த தொகை மேல. நம்ம ஷேர் மார்க்கெட்டோட எஸ்டிடி மாதிரி. நஷ்டத்துக்கு வித்தாலும் பிடிக்கும். வாங்கி விக்கற வியாபாரத்துல 2% கூட லாபம் வைக்காம "நிறைய டிரேட் பண்றேன்"னு சொல்றவர் அரசாங்கத்துக்கு உழைக்கறாரு, அந்த ஊர் அரசாங்கத்துக்கு.

எலும்பும் ரிஸ்க்கும்

பிரேயர் ஏத்த எலும்பு வேணும். டிராகன் எலும்பை மண்ணுல புதைச்சா 72 எக்ஸ்பி. வீட்டுல தங்க முலாம் பூசின பீடத்துல ரெண்டு விளக்கும் ஏத்திப் படைச்சா மூணரை மடங்கு, 252. வைல்டர்னெஸ்ல இருக்கற கேயாஸ் பீடத்துலயும் அதே 252-தான், ஆனா பாதித் தடவை எலும்பு செலவே ஆகாது. சராசரியா எலும்புக்கு 504. பிரேயர் 43 வந்தா கைகலப்பு அடியைத் தடுக்கற பிரார்த்தனை திறக்கும், எல்லாரும் முதல்ல குறி வைக்கற லெவல். அதுக்கு 50,339 எக்ஸ்பி. வீட்டுல 200 எலும்பு, வைல்டர்னெஸ்ல சுமார் 100.

பாதி விலை. ஆனா அங்க மத்த பிளேயர்கள் உங்களைக் கொல்லலாம், செத்தா கையில இருக்கற எலும்பு போச்சு. கணக்கு சுலபம்: போற தடவைகள்ல பாதிக்குப் பாதி எல்லா எலும்பையும் பறிகுடுத்தாதான் வீட்டுக்குச் சமம். அதுக்குக் கீழ எவ்வளவு தடவை செத்தாலும் எலும்புல லாபம். இதுல முக்கியம், ஒரு தடவைக்கு எவ்வளவு எடுத்துட்டுப் போறோம்ங்கறது. ஒரு பைக்குள்ள அடங்கற எலும்பு மட்டும், வேற ஒரு நல்ல பொருளும் வேண்டாம். மொத்தச் சரக்கையும் ஒரே தடவைல கொண்டு போறவங்களைக் கண்டா எனக்கு ஆப்ஷன் டிரேடிங் ஆரம்பிச்ச முதல் வாரத்துல இருக்கறவங்க ஞாபகம்தான் வரும்.

ஆறு நிமிஷத் தோட்டம்

வேலைக்குப் போறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு ஸ்கில் இருக்கு, ஃபார்மிங். மரக்கன்று நட்டுட்டு லாக் அவுட் பண்ணிடலாம், அது பாட்டுக்கு வளரும். மேஜிக் மரம் 75-வது லெவல்ல திறக்கும், வளர எட்டு மணி நேரம். வளர்ந்த மரத்தைப் போய்ப் பாத்தாலே 13,768 எக்ஸ்பி. அஞ்சு இடத்துல நட்டா ஒரு சுத்துக்கு 68,841. சுத்து முடிக்க ஆறு நிமிஷம்னு வச்சுக்குவோம். தினம் ஒரு சுத்து போனா, 75-லேருந்து 99-க்கு 172 நாள். மொத்தமா கை வேலை செஞ்சது 17 மணி நேரம்தான்.

இந்த இடத்துல பலபேர் வீடியோவை நிறுத்திடுவாங்க. நான் இன்னும் ஒரு வரி எழுதணும். 172 நாளுக்கு 860 கன்று வேணும். கன்று ஒண்ணு ஒரு லட்சம் ஜிபின்னு வச்சுக்கிட்டா 8.6 கோடி. மணிக்கு 10 லட்சம் சம்பாதிக்கறவருக்கு அது 86 மணி நேரம். 17-ம் 86-ம் சேத்தா 103. மணிக்கு 60,000 எக்ஸ்பிங்கற சாதாரண வழில இதே தூரம் 197 மணி நேரம். ஆக லாபம் இருக்கு, ஆனா "17 மணி நேரத்துல 99"ங்கறது தம்ப்நெயில் கணக்கு. பனை மாதிரி வேற கன்றுகளும் இருக்கு. 68-வது லெவல், 10,150 எக்ஸ்பி, வளர பதினாறு மணி நேரம். அன்னிக்கு சந்தைல விலை பார்த்து, எக்ஸ்பிக்கு எத்தனை ஜிபின்னு வகுத்துட்டு வாங்குங்க.

மரத்துக்கு நோய் வந்து செத்தும் போகும். பக்கத்துல நிக்கற தோட்டக்காரர்கிட்ட மேஜிக் மரத்துக்கு 25 தேங்காய் குடுத்தா அவரு பாத்துக்குவாரு. பிரீமியம் தேங்காயில கட்டற ஒரே இன்ஷூரன்ஸ் நான் பார்த்தது இதுதான். விலை உசந்த கன்றுன்னா கட்டுங்க, மலிவான கன்றுன்னா கணக்கு போட்டுப் பாருங்க.

ஒரே நேரத்துல ரெண்டு வேலை நடக்கற வழிகளும் இதோட சேர்த்தி. அஜிலிட்டி கூரைல ஓடிக்கிட்டே நடுநடுவுல ஹை ஆல்கெமி போட்டா, தடவைக்கு 65 மேஜிக் எக்ஸ்பி தனியா சேரும். மேஜிக் 55 இருந்தா போதும். ஸ்லேயர் வேலையா அரக்கனை அடிச்சா ஸ்லேயரும் ஏறும், சண்டை ஸ்கில்லும் ஏறும். சண்டை ஸ்கில்லை மட்டும் தனியா மணிக்கணக்குல ஏத்திட்டு அப்புறம் ஸ்லேயருக்குப் போறது ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு கட்டற மாதிரி. வாரத்துக்கு ஒரு தடவை டியர்ஸ் ஆஃப் குதிக்ஸ் போனா, உங்ககிட்ட எந்த ஸ்கில் கடைசில இருக்கோ அதுக்கு எக்ஸ்பி விழும். அதனால ஏத்தறதுக்கே எரிச்சலா இருக்கற ஸ்கில்லை வேணும்னே கடைசில வச்சிருப்பாங்க.

பாண்டு: இங்கதான் நிஜப் பணம் வருது

கேம் உள்ள பாண்டுன்னு ஒண்ணு இருக்கு. நிஜப் பணம் குடுத்து வாங்கலாம், கேம் சந்தைல ஜிபிக்கு விக்கலாம். வாங்கினவரு அதைப் போட்டா 14 நாள் சந்தா. இதுல ரெண்டு பக்கக் கணக்கு இருக்கு, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்.

முதல் பக்கம், ஜிபி சம்பாதிச்சு பாண்டு வாங்கி "இலவசமா" சந்தா ஓட்டறவங்க. பாண்டு விலை 1.2 கோடி ஜிபின்னு வச்சுக்குவோம். மணிக்கு 10 லட்சம் வருமானம். 14 நாளைக்கு வாடகை 12 மணி நேரம். வாரத்துக்கு 10 மணி நேரம் விளையாடறவருக்கு அந்த ரெண்டு வாரத்துல இருக்கறதே 20 மணி நேரம். அறுபது சதவீதம் வாடகைக்கே போகுது, கேம் ஆடறதுக்கு எட்டு மணி நேரம். படிக்கற பசங்களுக்கு இது சரியா இருக்கலாம், நேரம் நிறைய, காசு கம்மி. சம்பளம் வாங்கறவங்களுக்கு என் அபிப்பிராயம் தெளிவு: சந்தாவை ரூபாய்ல கட்டுங்க. மாசச் செலவுல பொழுதுபோக்குன்னு ஒரு தலைப்பு இருக்குமே, அதுலேருந்து. வெளிநாட்டு கரன்சில கார்டு தேய்ச்சா ஃபாரெக்ஸ் மார்க்அப், அந்த மார்க்அப் மேல 18% ஜிஎஸ்டி வரும், அதையும் சேத்துப் பாருங்க.

ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சிக்கல். நிஜப் பணத்துல பாண்டு வாங்கி, ஜிபியா மாத்தி, லெவலை வாங்கறது. கையில வர்ற சம்பளம் 50,000. வேலை நேரமும் போக்குவரத்தும் சேத்து மாசம் 220 மணி நேரம்னா மணிக்கு 227 ரூபா. பாண்டு 700 ரூபாய்னு வச்சுக்கிட்டா மூணு மணி நேரச் சம்பளம். அது கேம்ல 12 மணி நேர உழைப்பு. மூணு குடுத்து பன்னெண்டு வாங்கலாம்னா கண்ணை மூடிட்டு வாங்கலாமேன்னு எக்ஸெல் சொல்லும்.

எக்ஸெல் ரெண்டு விஷயத்தை மறைக்குது. ஒண்ணு, அந்த மணிக்கு 227 ரூபா உங்ககிட்ட சும்மா இல்ல. வாடகை, ஈஎம்ஐ, வீட்டுக்கு அனுப்பறது, எஸ்ஐபி எல்லாம் போக மாசம் 4,000 மிச்சம்னா, 220 மணி நேரத்துக்கு 4,000. மணிக்கு 18 ரூபா. 700 ரூபா பாண்டுங்கறது கிட்டத்தட்ட 38 மணி நேர வேலையோட மிச்சம். இப்ப 38 குடுத்து 12 வாங்கறீங்க. சராசரியைப் பார்த்து முடிவெடுக்கறதுக்கும் மிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்கறதுக்கும் வித்தியாசம் அவ்வளவு.

ரெண்டாவது, சம்பளத்துக்கு வேலை செய்யற மணி நேரம் செலவுன்னு நமக்குத் தெரியும். கேம் ஆடுற மணி நேரம் செலவா, இல்ல வாங்கின பொருளா? சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துட்டு, இன்னும் நூறு ரூபா குடுத்தா படத்தைப் பாதிலயே முடிச்சிடுவோம்னு தியேட்டர்காரர் சொன்னா குடுப்பீங்களா? பிடிச்சு ஆடுற 12 மணி நேரத்தைக் காசு குடுத்து இல்லாம ஆக்கறது அதுதான். ஒரு ஸ்கில் உண்மையிலேயே கடுப்பா இருக்கு, அது போனா மத்தது எல்லாம் நல்லா இருக்கும்னா, பொழுதுபோக்குத் தலைப்புல இடம் இருந்தா, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பாண்டு தப்பில்ல. மூணாவது மாசமும் தொடர்ந்து வாங்கறீங்கன்னா, உங்களுக்குப் பிடிக்காதது அந்த ஸ்கில் இல்ல, கேமே பிடிக்காமப் போயிருக்கலாம். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ கட்டிக்கிட்டு பாண்டு வாங்கறதைப் பத்தி தனியா பேசவே வேண்டாம்.

பாண்டு தவிர வெளி ஆளுங்ககிட்ட ஜிபி வாங்கறது, அக்கவுன்ட்டை ஏத்திக் குடுக்கச் சொல்றது ரெண்டும் விதிமீறல். அக்கவுன்ட்டு பேன் ஆனா கேக்க முடியாது, கையில பில்லும் இருக்காது. ஆட்டோ கிளிக்கரும் அதே கதிதான்.

இவ்வளவு நேரம் போட்ட கணக்கெல்லாம் சாதாரண அக்கவுன்ட்டுக்கு. அயர்ன்மேன் ஆடுறவங்களுக்கு கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, மத்தவங்ககிட்ட வாங்கவும் முடியாது. அவங்களுக்கு எலும்போட விலை ஜிபில இல்ல, அதை எடுக்கற நிமிஷத்துல. ஒரு டிராகன் எலும்பு எடுக்க எத்தனை நிமிஷம்னு அளந்து, ஷீட்ல விலை வர்ற காலத்துல அதையே போடுங்க. கேயாஸ் பீடத்துக்கும் வீட்டுப் பீடத்துக்கும் நடுவுல அவங்க பதில் பெரும்பாலும் வேற மாதிரி வரும், ஏன்னா அவங்க பறிகுடுக்கற ஒவ்வொரு எலும்பையும் திரும்ப சந்தைல போய் வாங்க முடியாது.